வின்ச் பிரேக்கின் போல்ட்டுகள் என்னிடம் இருக்கின்றன

மகனே,

நேரில் சொல்லத் தொடங்கினால் நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறாய். சாப்பிடும்போது தொடங்கினால் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. வின்ச் கொட்டிலில், சுவிச்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆணியில் கொழுவிவிடப் போகிறேன். எங்கள் பட்டறையில் வேலை செய்கிற எவரும் வாசிக்கலாம். இந்தக் கரையில் இதே மாதிரி வின்ச் வைத்திருக்கிற வேறு ஆட்கள் வந்தால் அவர்களும் வாசிக்கட்டும். உனக்கு வெட்கமாக இருக்கும் என்று தெரியும். கலியாணத்துக்கு நாள் வைத்த மாப்பிள்ளையைப் பெற்ற தாயே இப்படி ஆணியில் கொழுவலாமா என்று உன் சித்தி கேட்பாள். கேட்கட்டும். கேட்கிறவள் வந்து தண்டவாளத்தின் கீழ்ப்பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கட்டும்.

வாசிக்கிற மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். திருத்த வேலைக்கு வருகிற பெரிய வள்ளங்களைக் கடலிலிருந்து மேலே இழுப்பதும், வேலை முடிந்ததும் திரும்பக் கடலுக்குள் இறக்குவதும்தான் எங்கள் தொழில். வள்ளம் ஓர் இரும்பு வண்டிலில் குந்தியிருக்கும். வண்டில் தண்டவாளத்தில் நிற்கும். தண்டவாளம் சரிந்து தண்ணீருக்குள் போகும். வண்டிலை ஒரு உருக்கு வடம் பிடித்திருக்கிறது. வடத்தை வின்ச்சின் உருளை பிடித்திருக்கிறது. உருளையைப் பிடித்திருப்பது அதன் பக்கத்தில் இருக்கிற பிரேக். அது விட்டால் எல்லாம் விட்டுவிடும். வீட்டின் நீளத்துக்கு இருக்கிற ஒரு வள்ளத்துக்கும் அதன் கீழே நிற்கிற ஒரு மனிதனுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு சாமான்தான்.

அந்தப் பிரேக்கைப் பற்றி எனக்கு முதல்முதலில் சொல்லித் தந்தவன் நீ. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. வின்ச் வாங்கக் கொழும்புக்குப் போனபோது நீ ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தாய். துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விற்கிறவர் மோட்டரைப் புகழ்ந்தார், கியரைப் புகழ்ந்தார், புதிதாக அடித்திருந்த பெயின்ட்டைக்கூடப் புகழ்ந்தார். பெயின்ட்டைப் புகழ்கிற வியாபாரியிடம் வேறு எதையோ கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போது கறண்ட் நின்றால் என்ன நடக்கும் என்று மட்டும் கேட்டேன். அவர் செய்தே காட்டினார். உருளையில் பாரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மெயின் சுவிச்சை இறக்கினார். புஸ் என்று எங்கேயோ காற்றுப் போனது. கூடவே டக் என்று ஒரு சத்தம். பாரம் ஆடக்கூட இல்லை. எனக்கு விளங்கவில்லை. காற்றுப் போனால் பிரேக்கும் போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நீ என்னைப் பக்கத்தில் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னாய்.

"அம்மா, உதுக்குள்ளை பெரிய ஸ்பிரிங் இருக்கு. அதுதான் எந்த நேரமும் அந்த இரும்புத் தட்டை நெரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். காத்து பிடிக்கிறதுக்கில்லை, விடுறதுக்கு. காத்து ஏறினாத்தான் ஸ்பிரிங் பின்னுக்குப் போய், தட்டு சுத்தும். காத்துப் போனாலோ, கறண்ட் போனாலோ, பைப் வெடிச்சாலோ, எது போனாலும் அது தன்ரை பாட்டிலை பிடிச்சிடும்."

"அப்ப ஒண்டும் இல்லாத நேரத்திலைதான் அது இறுக்கிப் பிடிக்கும் எண்டுறாய்."

"ஓம் அம்மா. உங்களை மாதிரி."

விற்றவர் தமிழ் தெரிந்தவர், அவரும் சிரித்தார். நான் அந்த வின்ச்சை வாங்கியது மோட்டருக்காக இல்லை. அந்த டக் என்ற சத்தத்துக்காக. உன் அப்பா போன பிறகு நான் கட்டியெழுப்பிய எதுவும், யாராவது கையை விட்டால் விழுந்துபோகும் என்கிற மாதிரித்தான் இருந்தது. கையை விட்டால் தானாகப் பிடிக்கிற ஒரு சாமானை அன்றுதான் கண்டேன். நீயோ அதற்குப் பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தும் விட்டாய். தெரியாதவன் பிழை விட்டால் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்தவனை என்ன செய்வது?

உனக்குக் கவனம் இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. போன சரஸ்வதி பூசைக்கு எங்கள் ஆட்கள் வின்ச்சைக் கழுவித் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, அது மினுங்க வேண்டும் என்று பிரேக் தட்டு முழுவதும் நல்லெண்ணெய் தேய்த்து வைத்திருந்தார்கள். பூசை முடிந்து மூன்றாம் நாள் நீ வந்து அதைப் பார்த்தாய். உன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "சாமிக்கு எண்ணெய் வையுங்கோ, பிரேக்குக்கு வையாதேங்கோ. ஸ்பிரிங் எவ்வளவு நெரிச்சாலும் எண்ணெயிலை வழுக்கிக்கொண்டுதான் போகும்" என்று சொல்லி, அன்றைய வேலை முழுவதையும் நிறுத்தினாய். தட்டைத் தின்னர் போட்டு நீயே துடைத்தாய். எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளைத் துடைத்துப் பிரயோசனம் இல்லை என்று கழற்றி எறிந்து, புதியது போடும்வரை வின்ச்சைத் தொட விடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது யோசிக்கும்போது ஒன்று தெரிகிறது. அன்றைக்குப் பட்டறையில் மாலையும் கையுமாக யாரும் காத்துக்கொண்டு நிற்கவில்லை. உன்னைப் பார்க்க ஆள் இல்லாத நாளில் நீ சரியாகத்தான் இருக்கிறாய். ஆட்கள் பார்க்கத் தொடங்கினால்தான் உனக்கு மண்டை குழம்புகிறது.

சம்மாட்டியாரின் வள்ளம் இறங்கிய அன்றைக்கு எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொண்டைமானாற்றில் பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். அவர் திருப்தியாகப் போனால் அந்தக் கரையே எங்களிடம் வரும். அதை நான் மறுக்கவில்லை. அவர் ஒரு பஞ்சாங்கத்தைப் பார்த்து நேரம் குறித்தார், ஐயர் மற்றப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வேறு நேரம் சொன்னார். கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக வருகிற கொஞ்ச நேரத்துக்குள் வள்ளம் தண்ணீரைத் தொட வேண்டும் என்று முடிவாயிற்று. உடுவிலிலிருந்து உன் வருங்கால மாமனார் குடும்பத்தோடு வந்திருந்தார். காலையில் பெயின்ட் அடிக்கிறவர் வள்ளத்தின் பெயரை ஸ்பிறே பண்ணினார். சம்மாட்டியாரின் பேரப்பிள்ளைகள் வாசல் வளைவுக்குப் பலூன் ஊதினார்கள். இரண்டுக்கும் காற்று எங்கிருந்து வந்தது? பிரேக்குக்குக் காற்றுக் கொடுக்கிற அதே கொம்பிரசரிலிருந்து. நீ சிரித்துக்கொண்டு குழாயை எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்தேன். அன்று காலையில் எங்கள் வின்ச்சின் மூச்சு வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நேரம் வந்தது. தேங்காய் உடைத்தாயிற்று. நீ சுவிச்சை அழுத்தினாய். காற்றுக் காணாது. தாங்கியில் காற்று எவ்வளவு என்று காட்டுகிற முள் பாதியில் நின்றது. பிரேக் அரைகுறையாகத் திறந்து, தட்டை உரசிக்கொண்டு, கருகின மணம் வந்தது. அது பழுது இல்லை. காற்று நிறையாமல் நான் விடமாட்டேன் என்று அது சொல்கிறது. முள் மேலே ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் போதும். சம்மாட்டியார் மணிக்கூட்டைப் பார்த்தார். உன் மாமனார் உன்னைப் பார்த்தார். நீ கொட்டில் மூலையில் இருந்த நீளப் போல்ட் இரண்டையும் எடுத்துப் பிரேக்கில் பூட்டி முறுக்கினாய். அந்தப் போல்ட்டுகள் எதற்கு என்று எனக்கே தெரியும். வண்டிலில் பாரம் எதுவும் இல்லாதபோது, பழுது பார்ப்பதற்காக, காற்றில்லாமல் பிரேக்கைத் திறந்து வைப்பதற்கு. அதைப் பூட்டினால் பிரேக் இருந்தும் இல்லாததுதான். மோட்டர் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தாய். மோட்டரும் பிடித்தது. வள்ளம் அழகாக அசைந்து இறங்கத் தொடங்கியது. நாதஸ்வரக்காரர் எடுத்தார். பாதித் தூரத்தில் கறண்ட் போனது.

எங்கள் பக்கத்தில் கறண்ட் போவது புதினமா? கலியாண வீட்டில் போகும், செத்தவீட்டில் போகும், நீ போனைச் சார்ஜில் போட்டதும் போகும். அதற்காகத்தானே அந்தப் பிரேக். ஆனால் பிடிக்க வேண்டியதன் வாயில் நீ போல்ட்டைத் திணித்து வைத்திருந்தாய். மோட்டரின் சத்தம் இறங்கியது. உருளையின் சத்தம் ஏறியது. வண்டில் தன் எண்ணத்துக்கு ஓடியது. தவராசா அப்போது எங்கே நின்றான் தெரியுமா? வண்டிலுக்குக் கீழ்ப்பக்கம், வள்ளத்தின் மறுபுறத்தில், தண்டவாளத்தில் ஒதுங்கியிருந்த கடற்பாசிச் சாதாளையையும் மண்ணையும் மண்வெட்டியால் வாரிக்கொண்டு நின்றான். எப்போதும் அவன்தான் அந்த வேலை செய்கிறவன். வள்ளம் மெதுவாக வரும், அவன் முன்னால் துப்புரவாக்கிக்கொண்டே போவான். கொட்டில் வாசலில் நின்ற எனக்கு அவன் தெரிந்தான். நான் கத்தினேன். மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மண்வெட்டி மேலே எழும்பினது தெரிந்தது. பிறகு வள்ளம் மறைத்துவிட்டது. தண்ணீர் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி எழும்பியது. சனம் ஓவென்று கை தட்டியது.

நேரமும் தப்பவில்லை. இரண்டு பஞ்சாங்கத்துக்கும் சரி.

நான் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடினேன். என் முழங்காலை வைத்துக்கொண்டு நான் ஓடி எத்தனை காலம் ஆயிற்று. தவராசா கல்லின் மேல் குந்தியிருந்தான். முழங்கையெல்லாம் உரஞ்சிப்போய் இரத்தம். மண்வெட்டிப் பிடி முறிந்து தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடந்தது.

"தவராசா, எங்கை அடிபட்டது?"

"ஒண்டுமில்லை அக்கா. மண்வெட்டிதான் போச்சுது."

"நீ போயிருப்பாயடா."

"நான் போனா உங்களுக்குத்தான் கரைச்சல். நீங்கள் தாற சம்பளத்துக்கு வேறை ஆர் வருவான்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிக்கும்போது அவன் வாய் கோணிக்கொண்டு போனது. முழங்கை இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, உங்கை சம்பந்தியாக்கள் நிக்கினம். பெடியனுக்குக் கலியாணம் வருது. வாயைத் திறவாதேங்கோ" என்றான்.

பார், செத்துப்போயிருக்க வேண்டியவன்கூட உன் பக்கம். நான் யாரிடம் போய் முறையிடுவது? உன்னைக் கொட்டிலுக்குள் கூப்பிட்டேன். உன் தலையில் பூ இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"போல்ட்டைப் பூட்டினியா?"

"காத்து வரேல்லை அம்மா. நேரம் போகுது. மோட்டர்தானே பிடிச்சிருந்தது."

"கறண்ட் போனா?"

"கறண்ட் போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"அந்தப் பிரேக்குக்குத் தெரியும். அதுக்குத்தான் அதை வாங்கினது."

"இப்ப என்ன? ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

அன்றிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒண்டும் நடக்கேல்லைத்தானே. காலையில் சொல்கிறாய், மத்தியானம் சொல்கிறாய். நடந்தது எல்லாம் நடந்துதான் இருக்கிறது. பிரேக்கைக் கட்டிப்போட்டது நடந்தது. வண்டில் தானாக ஓடியது நடந்தது. இழுபட்ட வடம் துள்ளிப் போய் விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த பந்தலின் காலை அடித்தது நடந்தது. மண்வெட்டிப் பிடி முறிந்தது நடந்தது. தவராசா துள்ளி விலகினது ஒன்றுதான் நீ செய்யாதது; அதுதான் அவனைக் காப்பாற்றியது. அவன் அன்றைக்குக் கொஞ்சம் களைத்திருந்தால், வேறு பக்கம் திரும்பி நின்றிருந்தால், உன் கலியாணப் பந்தலுக்கு முன்னால் அவன் வீட்டில் வேறு பந்தல் போட்டிருப்போம். ஒன்றும் நடக்கவில்லை என்று அவன் மனைவியிடம் போய்ச் சொல்லிப் பார். உன்னால் சொல்ல முடிந்தால் நான் இந்தக் கடிதத்தைக் கிழிக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த வீடியோ வேறு. உன் மாமனாரின் பெறாமகன் எடுத்து, பாட்டும் போட்டு அனுப்பிவிட்டான். கனடாவிலிருந்து உன் மாமா போன் எடுத்துப் "பெடியன் கலக்கிறான் தங்கச்சி" என்கிறார். ஒரு நாளும் எடுக்காத ஆட்களெல்லாம் எனக்குப் போன் எடுக்கிறார்கள். நானும் பார்த்தேன், பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். வள்ளத்தின் முன்மூக்கு, அந்த அணியம் வருகிறது, தண்ணீர் எழும்புகிறது, சனம் கை தட்டுகிறது. உண்மையாகவே வடிவாகத்தான் இருக்கிறது. தவராசா அதில் எங்கேயும் இல்லை. மறுபக்கத்தில் நின்றவனை யார் எடுத்தார்கள்?

உனக்கு வியாபாரம் சொல்லித் தருவதற்கு என்னிடம் அதிகம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் சைக்கிளில் உமிக்குள் ஐஸ் கட்டி கொண்டுபோய்க் காங்கேசன்துறைப் பக்கம் கொடுத்த காலத்தில் ஒருவர் கடலுக்குப் போகிற அவசரத்தில் வந்தார். அன்றைக்கு எனக்கு வந்த கட்டிகள் நடுவில் உறையாமல், உள்ளே தண்ணீராக இருந்தன. பாதி வழியிலேயே கரைந்து மீன் பழுதாகிவிடும் என்று சொன்னேன். "நீ தா, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். அவசரம் அவருடையது, ஐஸ் என்னுடையது. நான் கொடுக்கவில்லை. அவர் கண்டபாட்டுக்குப் பேசிவிட்டுப் போனார். நன்றி சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார் என்று நீ எதிர்பார்ப்பாய். வரவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு நாளும் வாங்கவில்லை. நானும் அதனால் பட்டினி கிடக்கவில்லை. வாடிக்கையாளருக்கு அவசரம் இருக்கும். இருக்கத்தான் வேண்டும், அது அவருடைய வேலை. அந்த அவசரத்தை வாங்கி உன் மடியில் வைத்துக்கொள்வது வியாபாரம் இல்லை.

இவ்வளவையும் நான் விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன். போன கிழமை சம்மாட்டியார் திரும்ப வந்தாரே, அதுதான் என்னை எழுத வைத்தது. கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு கதைத்தார்.

"தங்கச்சி, அடுத்த வள்ளத்தையும் உதே மாதிரி விடவேணும். முந்தி உங்கடை வின்ச்சிலை இறங்குறது செத்தவீட்டு ஊர்வலம் மாதிரி. அண்டைக்குத்தான் இறக்கினது மாதிரி இருந்தது."

"சம்மாட்டியார், அண்டைக்கு நாங்கள் இறக்கேல்லை. பிரேக் இல்லாமல் அது தானா ஓடினது."

அவர் கோப்பையை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். "தம்பி, அம்மா என்ன சொல்லுறா?"

நீ என்ன சொன்னாய்? "அம்மா பகிடி விடுறா. செய்வம் ஐயா."

என் வாழ்க்கையில் நான் பல பேரிடம் ஏமாந்திருக்கிறேன், கொஞ்சப் பேரை வென்றும் இருக்கிறேன். என் சொந்தப் பட்டறையில், என் சொந்தப் பிள்ளை, என் சொல்லைப் பகிடியாக்கி விற்றது இதுதான் முதல் தரம். அவர் போன பிறகு கேட்டேன். கடைசித் துண்டுத் தூரத்துக்கு மட்டும் பிரேக் இல்லாமல் விடுவேன், எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் செய்வேன் என்றாய். எந்தக் கணக்கு? ஓடத் தொடங்கிய வண்டிலைத் திரும்பப் பிடிக்க வேண்டுமானால் இரண்டு போல்ட்டையும் முறுக்கி எடுக்க வேண்டும்; அதற்குள் வள்ளம் எங்கே நிற்கும் என்று கணக்குப் பார்த்தாயா? தற்செயலாகத் தப்பியதை இப்போது வேண்டுமென்றே செய்யப் போகிறாய். அதுவும் கலியாணத்துக்கு முன்னால், மாமனார் குடும்பம் திரும்ப வந்து நிற்க.

அடுத்த நாள் வெள்ளண, ஆட்கள் வேலைக்கு வருமுன்பே, கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தேன். போல்ட்டுகள் அன்று பூட்டின இடத்திலேயே இருந்தன. நீ கழற்றவேயில்லை. வண்டில் வெறுமையாகக் கீழே, தண்டவாளத்தின் முடிவில் கிடந்தது; அன்றைக்குப் பிறகு வேறு வள்ளம் ஏற்றவில்லை, பாரம் இல்லை. தவராசாவைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னேன். "தம்பி பேசப்போகுது அக்கா" என்றான். பேசட்டும், நான் சொன்னேன் என்று சொல் என்றேன். கழற்றியதும் உள்ளே ஸ்பிரிங் டக் என்று பிடித்தது. கொழும்பில் கேட்ட அதே சத்தம். போல்ட் இரண்டும் இப்போது என் அலுமாரியில், உனக்கு வரப்போகிற பெண்டாட்டிக்கு எடுத்த கூறைச் சேலைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. துணியில் சுற்றித்தான் வைத்திருக்கிறேன், கிறீஸ் படாது.

இனிக் கொட்டிலில் எப்படி வேலை நடக்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், தெரியாதவன் போல நீ நடப்பதால் எழுதுகிறேன். காலையில் முதல் வேலை கொம்பிரசர் தாங்கியின் அடிக்குழாயைத் திறந்து உள்ளே சேர்ந்த தண்ணீரை விடுவது. எங்கள் உப்புக்காற்றில் அந்தத் தண்ணீர்தான் வால்வுக்குள் போய்த் துருவாக அடைக்கிறது. அந்தத் தாங்கியிலிருந்து பெயின்டுக்கும் இல்லை, ரயருக்கும் இல்லை, பலூனுக்கும் இல்லை. பெயின்ட்காரருக்கு வேறு சின்னக் கொம்பிரசர் சொல்லியாயிற்று. முள் குறித்த கோட்டுக்கு வராமல் யாரும் சுவிச்சைத் தொடுவதில்லை, அரைக் காற்றில் திறந்து உரசவிட்டால் கட்டை எரிந்து மினுங்கிப்போய்ப் பிறகு பிடிக்கவே பிடிக்காது. பாரம் ஏற்றுவதற்கு முன் வெறும் வண்டிலைக் கொஞ்சம் இழுத்து, மெயினை இறக்கிப் பார்க்க வேண்டும். புஸ்ஸும் டக்கும் ஒன்றாகக் கேட்க வேண்டும். புஸ் கேட்டு, டக் கேட்பதற்குக் கொஞ்சம் சுணங்கினாலும் காற்று வெளியே போகிற வழி அடைபட்டிருக்கிறது. அன்றைக்கு வேலை இல்லை, சம்மாட்டியாராக இருந்தாலும் சரி. தட்டில் எண்ணெய், கிறீஸ், சந்தனம் எதுவும் படக் கூடாது. ஸ்பிரிங் இருக்கிற மூடியை யாரும் கழற்றக் கூடாது. அதற்குள் அமத்தி வைத்திருக்கிற விசை வெளியே வந்தால் ஆளைத் தூக்கி எறியும், அதற்குப் படித்த ஆள் கொழும்பிலிருந்து வரட்டும். சாதாளையை வள்ளம் அசைவதற்கு முன்பே வாரி முடித்துவிட வேண்டும். வண்டில் நகரத் தொடங்கினால் அதற்குக் கீழே மனிதர் யாரும் நிற்கக் கூடாது. என்னைத் தவிர.

ஆம், என்னைத் தவிர. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். உன்னைத் தடுக்க எனக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கொட்டிலைப் பூட்டலாம். பூட்டினால், கலியாணம் முடிந்து நீ உடுவிலுக்குப் பெண் வீட்டோடு குடிபோகிற அன்று, நான் சொன்ன சொற்படி பட்டறைக் கதவுகளின் திறப்புக் கோர்வை உன் கையில் வரும். அதற்குப் பிறகு என் கண்ணுக்கு மறைவாகச் செய்வாய். திறப்பைத் தராமல் விடலாம். தராவிட்டால் சனம் கதைக்கும், அதுகூடப் பரவாயில்லை, நீ எனக்கு இல்லாமல் போவாய். இனிமேல் சுவிச்சைத் தவராசா அழுத்தட்டும், கீழே நீ நில் என்று சொல்லலாம் என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். பிரேக்கைத் திறந்து விடுகிறவன் எப்போதும் மேலே, பத்திரமாக நிற்கிறான். அதுதான் இந்தத் தொழிலின் பிழை, மாற்றிப் போட்டால் உனக்கு விளங்கும் என்று நினைத்தேன். எழுதவும் தொடங்கினேன். உன்னைக் கீழே நிறுத்துகிற வரியில் என் கை நின்றுவிட்டது. தவராசா இத்தனை காலம் அங்கே நின்றபோது என் கை நிற்கவில்லையே என்று அப்போது நினைத்தேன். அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறா, இன்னும் உயிரோடு, செல்வச்சந்நிதிக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் நடந்து போகிறா.

அதனால் இப்படி முடிவெடுத்திருக்கிறேன். சம்மாட்டியாரின் அடுத்த வள்ளம் இறங்குகிற அன்று, தவராசா மண்வெட்டி பிடித்து நின்ற இடத்தில், தண்டவாளத்துக்கு நடுவில், எனக்கு ஒரு கதிரை போடச் சொல்லியிருக்கிறேன். விருந்தாளிகளுக்குப் போடுகிற நீலப் பிளாஸ்டிக் கதிரை போதும். போல்ட் இரண்டும் என் மடியில் இருக்கும். நீ மேலே நில். மாமனாரும் பார்க்கட்டும், வீடியோவும் எடுக்கட்டும். இந்த முறை என்னையும் சேர்த்து எடுக்கச் சொல். மிரட்டுகிறேன் என்று நினைப்பாய். மிரட்டத்தான் செய்கிறேன். உன்னிடம் எனக்கு வேறு ஒன்றும் எடுபடவில்லை. ஆனால் பயப்படாதே. அந்தப் பிரேக்கை அதன் பாட்டில் விட்டால் அது என்னைக் காப்பாற்றும் என்று எனக்குத் தெரியும். சொல்லித் தந்தவன் நீ.

முள் கோட்டுக்கு வந்ததும் சுவிச்சை அழுத்து. மெதுவாக, செத்தவீட்டு ஊர்வலம் மாதிரியே கொண்டுவா. வண்டில் கதிரைக்குக் கிட்ட வருவதற்கு முன் பிரேக்கைப் பிடி. அந்தச் சத்தம் கேட்ட பிறகு நான் எழும்பிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருகிறேன். வந்து திறப்புக் கோர்வையை உன் கையில் தருகிறேன், கலியாண நாள்வரை வைத்துக்கொண்டிருக்க மாட்டேன். மிச்சத் தூரத்தை நீ இறக்கு. நேரம் தப்பினால் தப்பட்டும். சம்மாட்டியாருக்கு நான் பதில் சொல்கிறேன். தொடங்குவதற்கு முன் காற்று ஏற எவ்வளவு நேரம் எடுத்தாலும் அந்தக் கதிரையிலேயேதான் இருப்பேன். வெயிலாக இருக்கும், குடை கொண்டுவருகிறேன்.

அம்மா